கோடை முகாமில் பிள்ளைகளோடு காய்கறித் தோட்டம்: கடைசி நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: கோடை விடுமுறையில் 8 வார முகாம். 6 முதல் 11 வயது வரை 20 பிள்ளைகள், வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். அவர்களை வைத்துக் காய்கறித் தோட்டம் போட வேண்டும். எதை நடலாம், எப்படி நடத்தலாம், எங்கே தவறும்?

முகாமின் கடைசி நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 8 வாரம் என்றால் 56 நாள். முதல் நாளே விதை ஊன்றினாலும் 56 நாளுக்குள் பிள்ளையின் கைக்கு வந்து சேராத பயிர் இந்தத் தோட்டத்துக்கு ஆகாது. பூசணி 90 நாளுக்கு மேல் கேட்கும். தர்பூசணி 80 முதல் 90, கேரட் 70 முதல் 80. மக்காச்சோளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். விதை உறையில் படம் அழகாக இருக்கிறதே என்று இவற்றை வாங்கிவிடுகிறார்கள். கொடி ஓடிப் பூவெடுக்கும் நேரத்தில் முகாம் முடிந்துவிடும். ஊன்றிய பிள்ளை காயைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விடும்.

கணக்குக்குள் அடங்குபவை இவை. தட்டில் வளர்த்து முளைப் பருவத்திலேயே வெட்டித் தின்னும் பச்சைப்பயறு மைக்ரோகிரீன்ஸ் 7 முதல் 10 நாள். முளைக்கீரை, வெந்தயக்கீரை 20 முதல் 25 நாள். சின்ன உருண்டை முள்ளங்கி 25 முதல் 30 நாள். வெள்ளரி, குத்துச்செடி பீன்ஸ், வெண்டை மூன்றும் 45 முதல் 55 நாள். தக்காளியை விதையாகத் தொடங்கினால் எட்டாது. முகாமுக்கு 5, 6 வாரம் முன்பே பெரியவர்கள் நாற்று விட்டு வைத்து, முதல் வாரத்தில் நாற்றாக நட்டால் கடைசி வாரத்தில் சில பழமாவது சிவக்கும். அதிலும் செர்ரித் தக்காளியே முந்தும். மிளகாய் வேண்டாம். அதைத் தொட்ட கை கண்ணுக்குப் போகும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பகல் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நின்றால் பீன்ஸ் பூவை உதிர்த்துவிடும். முள்ளங்கி கிழங்கு வைக்காமல் பூத்தண்டு விடும், அல்லது நெட்டி விழுந்து எரிக்கும் காரத்தோடு வரும். அப்படிப்பட்ட இடத்தில் பீன்ஸுக்குப் பதிலாகத் தட்டைப்பயறு அல்லது கொத்தவரை, முள்ளங்கிக்குப் பதிலாக இன்னொரு கீரை. குளிர்ச்சியான இடத்தில் பிரச்சினை நேர்மாறானது: மண்ணின் வெப்பம் 16 டிகிரிக்குக் கீழே இருந்தால் வெண்டை விதை முளைக்காமல் மண்ணுக்குள்ளேயே அழுகும். அங்கே பீன்ஸ், முள்ளங்கி, கீரை போதும்.

எதை நடுவது என்பதைவிட, எந்த வாரம் எது கைக்கு வரும் என்பதே பிள்ளைகளைத் தோட்டத்தில் நிறுத்தி வைக்கிறது. வெண்டை, பீன்ஸ் போன்ற நாள் பிடிக்கும் பயிர்களை மட்டும் விதைத்தால் இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை தண்ணீர் ஊற்றுவதும் களை பிடுங்குவதும்தான் மிஞ்சும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது மிக நீண்ட காலம். அதனால் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாளில் தட்டில் பச்சைப்பயறும், பாத்தியில் வெண்டை, பீன்ஸ், வெள்ளரியும். அதே வாரத்தில் கீரையும் முள்ளங்கியும் முதல் தவணை. பத்தாம் நாளுக்குள் தட்டிலிருந்து ஒரு கைப்பிடி வெட்டித் தின்றுவிடலாம். மூன்றாம் வாரத்தில் கீரை இரண்டாம் தவணை. நாலாம் வாரம் முதல் கீரை அறுவடை, ஐந்தாம் வாரத் தொடக்கத்தில் முள்ளங்கி. அதற்குள் வெள்ளரி பூத்துவிடும். ஏழாம் வாரத்திலிருந்து பீன்ஸும் வெண்டையும் வரும். கீரையை 30ஆம் நாளுக்குப் பிறகு விதைக்க வேண்டாம். ஒரு மழையில் முளைப்பு கெட்டுப்போனால் திரும்ப விதைக்க நாள் இருக்காது.

ஒரு சின்ன உபாயம்: முகாம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னதாகப் பொதுப் பாத்தியில் ஒரு வரிசை வெண்டையைப் பெரியவர்கள் ஊன்றி வைக்கட்டும். பிள்ளைகள் வரும்போது அது நாலு இலையோடு நிற்கும். "உங்கள் விதை இன்னும் இரண்டு வாரத்தில் இப்படி ஆகும்" என்று கையால் காட்ட ஒன்று கிடைக்கிறது. ஆறாம் வாரத்தில் ஏதாவது தாமதமானாலும் பறிக்கக் காய் இருக்கும்.

பாத்தி அளவு பிள்ளையின் கை நீளத்தைப் பொறுத்தது. பெரியவர்களுக்கு 1.2 மீட்டர் அகலம் சரி; ஆறு வயதுப் பிள்ளையின் கை 45 செ.மீ.க்கு மேல் எட்டாது. எட்டாத இடத்துக்குப் பாத்திக்குள் கால் வைத்து ஏறிவிடும், மண் இறுகிவிடும். இரண்டு பக்கமும் நடைபாதை இருந்தால் பாத்தி 90 செ.மீ., சுவரை ஒட்டியிருந்தால் 45 செ.மீ. நடைபாதை 60 செ.மீ.; சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை இருந்தால் 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பாதையின் ஓரத்தைக் கல்லோ செங்கல்லோ வைத்துக் கண்ணுக்குத் தெரியும்படி எல்லை கட்டிவிடுங்கள். "பாத்தியில் மிதிக்காதே" என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிராது.

20 பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராக நாலு குழுவாக்கி, குழுவுக்கு 2 மீட்டர் நீளத்தில் ஒரு பாத்தியும், எல்லோருக்குமாக அதே அளவில் ஒரு பொதுப் பாத்தியும் வையுங்கள். 1840இல் ஃபிரெடரிக் ஃபுரோபெல் தம் பள்ளிக்குக் கிண்டர்கார்டன், அதாவது பிள்ளைகளின் தோட்டம், என்று பெயர் வைத்தபோது அது வெறும் உவமை அல்ல. உண்மையான தோட்டம் இருந்தது. பிள்ளைக்கென்று தனித் துண்டும், எல்லோரும் சேர்ந்து பார்க்கும் பொதுத் துண்டும் இருந்தன. அந்த ஏற்பாடு இன்றும் சரியானதுதான். "என் செடி" என்ற உரிமை இல்லாவிட்டால் பிள்ளைக்கு அக்கறை வராது. தனிச் செடி மட்டும் இருந்தால், அது செத்த நாளில் பிள்ளைக்குத் தோட்டமே முடிந்துபோகும்.

ஒரு குழுவின் 2 மீட்டரை இப்படிப் பங்கிடலாம். ஒரு மீட்டர் வெண்டைக்கு: 45 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசை, செடிக்குச் செடி 30 செ.மீ., மொத்தம் 6 செடி. ஆளுக்கு ஒன்று, ஒன்று உபரி. அடுத்த அரை மீட்டரில் பாத்தியின் குறுக்கே இரண்டு வரிசை பீன்ஸ், 10 செ.மீ.க்கு ஒன்று. மீதி அரை மீட்டர் கீரைக்கும் முள்ளங்கிக்கும். வெள்ளரிப் பந்தலும் தக்காளியும் பொதுப் பாத்தியில்.

இருக்கும் மண் நல்ல மண்ணாக இருந்தால் 20 செ.மீ. ஆழம் கொத்தி, மேலே 5 செ.மீ. கனத்துக்கு மட்கிய உரம் பரப்பிக் கலந்தால் போதும். பாத்திக்கு 90 லிட்டர் உரம் பிடிக்கும். தரை சிமெண்டாக இருந்து 25 செ.மீ. உயரப் பெட்டிப் பாத்தி கட்டினால் ஒரு பாத்திக்கே 450 லிட்டர் கலவை வேண்டும்: மண், மட்கிய உரம், தென்னை நார்த்தூள் தலா 150 லிட்டர். 5 கிலோ நார்த்தூள் கட்டி ஊறினால் 60, 70 லிட்டர் வரும். அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசிப் பிழியாமல் போட்டால் இளஞ்செடியின் இலை ஓரம் கருகும். பழைய கட்டடச் சுவரோரம் பாத்தி போடாதீர்கள். உதிர்ந்த பெயிண்டிலிருந்து ஈயம் மண்ணில் சேர்ந்திருக்கலாம். வேறு இடமே இல்லையென்றால் மண் பரிசோதனை செய்துவிட்டு, அல்லது அடியில் தடுப்பு விரித்துப் பெட்டிப் பாத்தி போடுங்கள். பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளைப் பாத்திக்குச் சட்டமாக வைப்பதும் வேண்டாம். அவற்றில் ஏற்றியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் தோலுக்கு ஆகாது.

மட்காத சாணத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அதில் ஈ.கோலி போன்ற கிருமிகள் உயிரோடு இருக்கும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிமுறை, மட்காத எரு இட்ட மண்ணில் உண்ணும் பகுதி மண்ணைத் தொடும் பயிருக்கு அறுவடைக்கு முன் 120 நாள், தொடாத பயிருக்கு 90 நாள் இடைவெளி கேட்கிறது. 56 நாள் முகாமில் இரண்டுக்கும் இடமில்லை. நன்றாக மட்கி, மண் வாசம் வரும் உரம் மட்டும். மூட்டை உரத்தைத் திறக்கும்போது முகத்தை விலக்கி, முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தூசி அடக்குங்கள். அந்தத் தூசி மூச்சில் போனால் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியாவால் நுரையீரல் தொற்று வர வாய்ப்புண்டு. அந்த வேலை பெரியவர்களுடையது.

முகாமுக்கு மூன்று வாரம் முன்பே பாத்தியைத் தயார் செய்து தண்ணீர் கட்டுங்கள். களை விதையெல்லாம் முளைக்கும். அதை மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டால் பிள்ளைகள் விதைக்கும்போது களைத் தொல்லை வெகுவாகக் குறையும். களை பிடுங்குகிறேன் என்று வெண்டையைப் பிடுங்கிவிடும் விபத்தும் குறையும். அந்த விபத்தைத் தடுக்க இன்னொரு வழி, எல்லாவற்றையும் கயிறு பிடித்து நேர்கோட்டில் விதைப்பது. கோட்டில் நிற்பது பயிர், கோட்டுக்கு வெளியே நிற்பது களை என்று ஆறு வயதுக்கும் புரியும். கூடவே, ஒவ்வொரு பயிரிலும் இரண்டு விதையை ஒரு கோப்பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். சந்தேகம் வந்தால் பிள்ளை கோப்பையில் முதலில் விரியும் வித்திலையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும். முள்ளங்கி வித்திலை இதய வடிவம். வெண்டையுடையது அகன்று வட்டமாக இருக்கும்.

விதை வாங்கும்போது உறையைப் பிரித்து நிறம் பாருங்கள். இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் ஏறியிருந்தால் அது பூஞ்சாணக் கொல்லி பூசிய விதை. பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. நேர்த்தி செய்யாத விதை என்று கேட்டு வாங்குங்கள். பழைய விதையாக இருந்தால் 10 விதையை ஈரத் துணியில் மடித்து ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். ஆறுக்குக் குறைவாக முளைத்தால் வேறு விதைக்குப் போய்விடுங்கள். நாலு வயதுக்குக் கீழான தம்பி தங்கைகள் கூட வந்தால் விதைத் தட்டு அவர்கள் கைக்கு எட்டக் கூடாது. மூக்கிலும் தொண்டையிலும் அடைத்துக்கொள்ளும் அளவு அதுதான்.

சின்னப் பிள்ளைக்குப் பெரிய விதை. பீன்ஸ், வெண்டை, வெள்ளரி விதைகளை விரலால் எடுத்து ஒவ்வொன்றாக ஊன்ற முடியும். ஆழத்தை விரலாலேயே சொல்லுங்கள்: பீன்ஸுக்குப் பிள்ளையின் சுட்டுவிரலில் முதல் கணுவுக்குக் கொஞ்சம் மேல், அதாவது 2.5 செ.மீ.; வெண்டைக்கு முதல் கணு வரை. வெண்டை விதை 8 முதல் 12 மணி நேரம் ஊறலாம். பீன்ஸை ஊறவைக்க வேண்டாம். அதிகம் ஊறினால் தோல் வெடித்து மண்ணில் அழுகும். குழிக்கு இரண்டு விதை.

முளைக்கீரை விதை வேறு கதை. ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். வெறுமனே கையில் கொடுத்தால் எல்லாம் ஒரே இடத்தில் கொட்டி, ஒரு வாரத்தில் பாய் விரித்ததுபோல் நெருங்கி முளைத்து, நூலாக நீண்டு சாய்ந்துவிடும். அரைக் கிராம் விதையோடு இரண்டு கைப்பிடி காய்ந்த மணலைக் கலந்து, உப்புத் தூவுவதுபோல் தூவச் சொல்லுங்கள். மேலே களிமண் போடாமல் சலித்த உரத்தை அரை செ.மீ. மட்டும் தூவி மூடுங்கள். களிமண் காய்ந்து ஓடுபோல் இறுகினால் இந்தச் சின்ன முளையால் உடைத்துக்கொண்டு வர முடியாது. மூடாமல் விட்டால் எறும்பு வரிசை கட்டித் தூக்கிப் போய்விடும்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று காட்ட முதல் நாளே ஒரு கண்ணாடிச் சாடி வையுங்கள். உள்பக்கம் ஈரக் காகிதத்தைச் சுற்றி, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நாலு பீன்ஸ் விதை. அடியில் விரலளவு தண்ணீர். இரண்டாம் நாள் விதை உப்பித் தோல் சுருங்கும். மூன்றாம் நாளளவில் வெள்ளையாக வேர்நுனி வெளியே வந்து கீழ்நோக்கித் திரும்பும். ஐந்தாம் நாள் சாடியைப் படுக்கவைத்துவிடுங்கள். அடுத்த முறை பிள்ளைகள் வரும்போது வேர் முழங்கை மடிந்ததுபோல் வளைந்து மறுபடியும் கீழே போயிருக்கும். வேருக்கு எது கீழ் என்று எப்படித் தெரிந்தது என்று அவர்களே கேட்பார்கள். வேர்நுனியில் உள்ள மாவுத் துகள்கள் பாரத்தால் கீழ்ப்பக்கம் படிகின்றன, அதை வைத்து வேர் திசை அறிகிறது என்று சொன்னால் எட்டு வயதுக்கும் புரியும். சோதனை முடிந்த விதையை யாரும் வாயில் போடாமல் பாருங்கள்; வேகாத பீன்ஸ் விதையிலுள்ள லெக்டின் என்ற புரதம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைக்கும், அதிலும் சிவப்புக் கிட்னி பீன்ஸில் மிக அதிகம்.

கலைத்து விடுவதுதான், அதாவது நெருங்கி முளைத்தவற்றில் சிலவற்றை எடுத்து மற்றவற்றுக்கு இடம் விடுவதுதான், பிள்ளைகளுக்குக் கடினமான வேலை. தானே ஊன்றி முளைத்ததைத் தானே பிடுங்கச் சொன்னால் அழுகிற பிள்ளைகள் உண்டு. அதை மறைக்கக் கூடாது. காரணத்தைக் காட்ட வேண்டும். முள்ளங்கி வரிசையில் ஒரு முழத்தை மட்டும் கலைக்காமல் விட்டுவிடுங்கள். மற்ற இடத்தில் 5 செ.மீ.க்கு ஒன்று இருக்கட்டும். ஐந்தாம் வாரத்தில் இரண்டையும் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தால், நெருக்கத்தில் நின்றது எலிவால்போல் இருப்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கும். கலைக்கும்போது பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் கிளம்பும். முனை மழுங்கிய கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டுவதே சரி. வெட்டிய முள்ளங்கி முளை, கீரை முளை எல்லாம் கழுவித் தின்னலாம். வீணாகப் போகவில்லை என்று தெரிந்தால் மனம் ஆறிவிடும்.

தண்ணீர் விஷயத்தில்தான் அதிகத் தோட்டங்கள் கெடுகின்றன. பிள்ளை ஊற்றும் விதத்தைக் கவனியுங்கள். பூவாளியைச் சாய்த்து ஒரே இடத்தில் கொட்டும். மண் பறிந்து குழியாகி விதை வெளியே மிதக்கும். இல்லையென்றால் இலைமேல் தெளித்து, மண் கறுத்ததும் போதும் என்று போய்விடும். அப்போது சுட்டுவிரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே ஒரு நகம் அளவு ஈரம், கீழே சுத்தமாகக் காய்ந்த மண். விரலில் ஒட்டிய ஈரமும் ஒட்டாத புழுதியும் இரண்டு நிறமாகத் தெரியும். இந்த ஒரு சோதனை பத்து முறை சொல்வதைவிட நன்றாக வேலை செய்யும். வளர்ந்த செடிக்கு, தண்டின் அடியில், ஒன்று முதல் பத்து வரை மெதுவாக எண்ணும் வரை ஊற்ற வேண்டும்; பிறகு மறுபடியும் விரல்.

பூவாளி ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம். 5 லிட்டர் வாளி 5 கிலோ. சின்னப் பிள்ளை பாதியைக் காலில் கொட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் பாட்டில் மூடியில் பெரியவர் ஒருவர் சூடான ஊசியால் எட்டுப் பத்துத் துளை போட்டுக் கொடுத்தால் நல்ல பூவாளி ஆகிவிடும். கணக்கும் பாருங்கள். பாத்திக்கு வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 லிட்டர் வேண்டும், கடும் வெயிலில் 40 வரை. ஐந்து பாத்தி சேர்ந்து 9 சதுர மீட்டர், ஆக 225 முதல் 360 லிட்டர். 20 பிள்ளைகள் ஒன்றரை லிட்டர் பாட்டிலோடு மூன்று நடை போனால் 90 லிட்டர். வாரத்தில் 3 நாளுக்கு 270. சாதாரண வெயிலுக்குப் போதும். கடும் வெயிலில் பற்றாது.

அதைவிடப் பெரிய ஓட்டை, பிள்ளைகள் வராத அந்த 4 நாள். முளைக்கும் காலத்தில் ஒரு நாள் காய்ந்தாலும் கீரை போய்விடும். முதல் மூன்று வாரம் அந்த 4 நாளும் யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் எழுதி ஒட்டாமல் விதை வாங்கவே போகாதீர்கள். செடி ஒரு சாண் உயர்ந்ததும் காய்ந்த இலை அல்லது வைக்கோலை 5 செ.மீ. கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல். மெருகு பூசாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால் பானையைச் சுற்றிக் கசிந்து இரண்டு மூன்று நாள் ஈரம் காக்கும். பானையை நிரப்புவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலையும்கூட. தண்ணீர்த் தொட்டி, வாளி எதையும் திறந்து வைக்காதீர்கள். சிறு பிள்ளை மூழ்க ஒரு வாளித் தண்ணீரே போதும். தேங்கிய தண்ணீரில் கொசு ஒரு வாரத்தில் உருவாகிவிடும்.

அளவுக்கு மீறி ஊற்றினால் வருவது நாற்றழுகல். நேற்று நிமிர்ந்து நின்ற முளை இன்று படுத்திருக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பாகி நூல்போல் சுருங்கியிருக்கும். பூஞ்சாணத்தின் வேலை அது; எப்போதும் ஈரம், நெருக்கம், காற்றோட்டமின்மை மூன்றும் சேர்ந்தால் வரும். படுத்தது பிழைக்காது. அதைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துவிட்டு, தண்ணீரைக் காலையில் மட்டும் விடுங்கள். இப்படிச் செத்த செடியைப் பிள்ளைக்குத் தெரியாமல் இரவோடு இரவாக மாற்றி வைக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. அன்பால் செய்வதுதான், ஆனாலும் கூடாது. செடியைப் பிடுங்கி அந்தச் சுருங்கிய தண்டைக் காட்டுங்கள். பிறகு கோப்பையில் வளர்த்த உபரி நாற்றை அதன் கையாலேயே நடச் சொல்லுங்கள். ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் உபரி நாற்று எப்போதும் இருக்க வேண்டும்.

ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர். ஒரு மணி நேரம் முழுவதும் ஒரே வேலை என்றால் சின்னவர்கள் இருபது நிமிடத்தில் கலைந்துவிடுவார்கள். நாலு குழுவும் நாலு வேலையைச் சுற்றி வரட்டும்: தண்ணீர், களை, அளவெடுப்பு, சும்மா தோண்டுவது. கடைசியாகச் சொன்னதற்கென்றே எதுவும் நடாத ஒரு சதுர மீட்டர் இடம் விட்டுவையுங்கள். தோண்டும் ஆசை அங்கே தீரும், பாத்தி தப்பிக்கும். அளவெடுப்புக்கு ஸ்கேல் வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை செடியின் உயரத்துக்குக் காகித நாடாவை வெட்டித் தேதி எழுதிச் சுவரில் வரிசையாக ஒட்டினால், எட்டு வாரத்தில் பிள்ளையின் கையாலேயே ஒரு வரைபடம் உருவாகிவிடும். வேலை நேரம் காலை வெயில் ஏறுவதற்குள். தொப்பி, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை குடிக்கத் தண்ணீர், முடிந்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கைகழுவல். தேனீ கொட்டினால் ஒவ்வாமை வரும் பிள்ளை யார் என்று முதல் நாளே பெற்றோரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

வெள்ளரி பூக்கும் வாரம் இந்தத் தோட்டத்தின் சிறந்த வாரம். முதலில் வருவதெல்லாம் ஆண்பூ. மெல்லிய காம்பில் நிற்கும், ஒன்றும் காய்க்காமல் உதிரும். பிள்ளைகள் கவலைப்படுவார்கள். சில நாளில் பெண்பூ வரும். பூவுக்கு அடியிலேயே விரல்நுனி அளவில் முள்முள்ளாக ஒரு குட்டி வெள்ளரி ஒட்டிக்கொண்டிருக்கும். காலை பத்து மணிக்குள் ஆண்பூ ஒன்றைப் பறித்து இதழ்களைக் கிழித்தெடுத்தால் நடுவில் மஞ்சள் பொடி படிந்த காம்பு மிஞ்சும். அதைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெதுவாக ஒற்ற வேண்டும். அந்தப் பூவின் காம்பில் பிள்ளையின் பெயரோடு கம்பளி நூல் கட்டுங்கள். மகரந்தம் ஒட்டியிருந்தால் குட்டி வெள்ளரி நாலைந்து நாளில் கண்ணுக்குத் தெரிய நீளும். இல்லையென்றால் மஞ்சளாகிச் சுருங்கி விழும். ஒற்றாமல் விட்ட பூவொன்றும் ஒப்பிட இருக்கட்டும். தேனீ முந்திக்கொள்ளாமல் இருக்க, அதை முதல் நாள் மாலையே மொட்டாக மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள். இதற்கு ஆண்பூ, பெண்பூ இரண்டும் விடும் சாதாரண ரகமாக வாங்க வேண்டும். மகரந்தம் இல்லாமலே காய்க்கும் ரகங்களும் விற்கின்றன, அவற்றில் இந்த வேறுபாடு தெரியாது. பறித்த வெள்ளரி கசந்தால் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது.

பூச்சிக்கு மருந்தடிக்க வேண்டாம். பிள்ளைகள் தொட்டுத் தின்னும் இடம் இது. அசுவினி இலைக்கடியில் அப்பியிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பெரும்பாலும் விழுந்துவிடும். மீண்டும் வந்தால் லிட்டருக்கு 5 மி.லி. சோப்புக் கரைசலை மாலையில் பெரியவர் தெளிக்கலாம். புழுவைக் கையால் எடுத்துச் சாடியில் போட்டுப் பார்க்கட்டும். மயிருள்ள கம்பளிப்புழுவை மட்டும் யாரும் தொடக் கூடாது. வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாக வலைபோல் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் என்ற வைரஸ் நோய். மருந்தில்லை, அந்தச் செடியை அன்றே பிடுங்கிவிடுங்கள். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல் அமுங்கினால் பூச்சியோ நோயோ காரணமல்ல. ஒருநாள் வெள்ளம், மூன்று நாள் காய்ச்சல் என்று தண்ணீர் மாறி மாறிப் போனதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து எட்டவில்லை. செடி கருகருவென்று செழித்தும் பூவே இல்லையென்றால் தழைச்சத்து மிகுந்துவிட்டது. உரம் போடுவதை நிறுத்துங்கள்.

பறிப்பதிலும் சொல்லிக்கொடுக்க வேண்டியது உண்டு. வெண்டையை 7 முதல் 10 செ.மீ.யில், இரண்டு நாளுக்கு ஒரு முறை பறிக்க வேண்டும். பூ விரிந்து ஐந்தாறு நாளில் அந்த அளவு வந்துவிடும். விட்டால் நார் ஏறும், செடியும் புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதன் சுணை சில பிள்ளைகளுக்கு அரிக்கும். முழுக்கைச் சட்டை போதும். பீன்ஸைப் பறிக்க இரண்டு கை: ஒரு கை கிளையைப் பிடிக்க, மறு கை காயை இழுக்க. ஒரு கையால் இழுத்தால் கிளையோடு வரும். பறித்ததை வேகவைத்துத்தான் சாப்பிடத் தர வேண்டும். கீரையை வேரோடு பிடுங்காமல் மண்ணுக்கு மேல் 5 செ.மீ. விட்டு வெட்டினால் இரண்டு வாரத்தில் திரும்பத் துளிர்க்கும். அதனால் முதல் தவணைக் கீரையே கடைசி வாரத்துக்கும் கைகொடுக்கும்.

கடைசி நாளில் பீன்ஸ் செடிகளை இழுத்துப் பிடுங்காமல், ஒரு பக்கம் மண்ணைத் தளர்த்தி வேரோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அலசச் சொல்லுங்கள். வேரில் கடுகு அளவில் உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் பாக்டீரியாக்கள் அதற்குள் வேலை செய்துகொண்டிருப்பதன் அடையாளம் அந்த நிறம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அந்த மண்ணில் இதற்குமுன் பயறு வகை எதுவும் வளராமல் இருந்தால் முடிச்சே இல்லாமலும் இருக்கலாம், அதையும் சொல்லிக் காட்டுங்கள். காய்த்துக்கொண்டிருக்கும் வெண்டையையும் தக்காளியையும் முகாமுக்குப் பிறகு யார் பறிப்பது, யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெற்றோரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். உபரி நாற்றுக் கோப்பைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பும்போது, அதைப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தொட்டிக்கு மாற்ற வேண்டும், அடியில் துளை இருக்க வேண்டும் என்று கோப்பையிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.